வாங்கினவனும் போட வேண்டிய காசு

தம்பி,

நேற்று நீ போனைத் துண்டித்த பிறகு திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். நீ எடுக்கவில்லை. பேச விடாத பிள்ளைக்கு எழுதத்தானே வேண்டும், எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். எனக்கு அளவு எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கடையில் மதியம் ஆள் வராது. தையல் மெஷின் மேலேயே தாளை வைத்திருக்கிறேன். பக்கத்தில் தேன்மொழியின் முகூர்த்த ப்ளவுஸ் வெட்டினபடி கிடக்கிறது. மருமகளாக வரப்போகிறவளுக்கு நானே தைத்துப் போட வேண்டும் என்று ஆசையாகத் துணி எடுத்து வந்து வெட்டினேன். ஒரு வாரமாக அதில் ஊசி இறங்கவில்லை. கை அதன் பக்கம் போனாலே அவளுடைய அண்ணன் குமரன் கேட்ட கேள்விதான் காதில் விழுகிறது.

சிதம்பரத்தில் நடந்ததை நீ என்னை முழுதாகச் சொல்ல விடவில்லை. குமரனின் மகள் யாழினியை உனக்கு நன்றாகத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று உன் மடியில் ஏறி உட்கார்ந்து, உன் வாட்சைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டு திருப்பித் தர மாட்டேன் என்று நின்றாளே, அவள்தான். நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவர்கள் நம்மிடம் சொல்லவில்லை. டைபாய்டு என்றார்கள். தேன்மொழிக்கு அளவு எடுக்க நான் போன அன்றைக்கு, மொட்டைத் தலையோடு யாழினி அறையிலிருந்து வந்து நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. உன் மாமனாராகப் போகிறவர் என் முன்னால் கைகூப்பினார். "சம்மந்தி, மறைக்கணும்னு இல்ல. எங்க வூட்டு ரத்தத்துல இப்பிடி ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சா நீங்க வேற மாதிரி நெனச்சிடுவீங்களோன்னு பயம்" என்றார். தேரடிப் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்து நாலு பேர் மதிக்க வாழ்கிறவர், யாரிடம் கைகூப்புகிறோம் என்று தெரியாமல் கூப்பினார்.

அன்றைக்கு என்னால் முடிந்ததைச் செய்தேன். சென்னையில் உனக்கு வைத்தியம் பார்த்தபோது நாம் தங்கியிருந்தோமே, அந்த வீட்டுக்குப் போன் செய்து அவர்களுக்கு ஒரு ரூம் வாங்கிக் கொடுத்தேன். தெரிந்தவர்கள் நடத்துகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர்களும் போனார்கள், முதல் கட்ட வைத்தியமும் முடிந்தது. போன வாரம் ப்ளவுஸ் அளவைச் சரிபார்க்கலாம் என்று மறுபடி போனால் குமரன் குண்டைத் தூக்கிப் போட்டான். "பத்து நாள் கழிச்சு, திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காங்க அத்தை. நான் கூட்டிக்கினு போறதா இல்ல" என்றான். பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன் இறந்துவிட்டானாம். "அவனும் இதே மருந்துதான் ஏத்திக்கினான். இன்னும் வருசக்கணக்குல போடணுமாம். ஊசியப் பாத்தாலே புள்ள கத்தறா. விருத்தாசலம் பக்கம் ஒரு வைத்தியர் கஷாயம் குடுக்கறாராம். இருக்கற வரைக்கும் வலி இல்லாம இருக்கட்டும்." அவன் பொண்டாட்டி சுவரைப் பார்த்து அழுதாள். டாக்டர் பொழைக்கும் என்றுதானே சொல்கிறார் என்று நான் மெல்லக் கேட்டேன். "எல்லா டாக்டரும்தான் சொல்றாங்க. அப்பிடிப் பொழச்ச புள்ள ஒண்ண, ஒண்ணே ஒண்ண, எனக்குக் கண்ணால காட்டச் சொல்லுங்க. இப்பவே தூக்கிக்கினு போறேன்" என்றான்.

அப்படிப் பிழைத்த பிள்ளையைப் பெற்றவள் காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் முடிகிற வரைக்கும் மூச்சுவிடக் கூடாது என்று நீ கேட்டுக்கொண்டது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தச் சென்னை வீட்டு சாரா அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு. அந்த வாக்கைப் பற்றி உனக்கு இதுவரை நான் சொன்னதில்லை.

சென்னை வீடு உனக்கு எவ்வளவு ஞாபகமிருக்கிறதோ தெரியவில்லை. உனக்கு அப்போது ஏழு வயது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பழைய பெரிய வீடு. ரூமுக்கு ஒரு குடும்பம், பொதுவாக ஒரு சமையல்கட்டு. வாடகை கிடையாது, அரிசியும் பாலும் அவர்களே தருவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சமையல்கட்டு வாசலில் ஒரு வயசான அம்மா தினமும் உட்கார்ந்து எல்லாருக்கும் காய் நறுக்கிக் கொடுப்பார். யாரோ ஒரு பிள்ளைக்குத் துணையாக வந்தவர் என்று நினைத்துக்கொண்டோம். உன் அப்பாதான் டவுன் பஸ்ஸில் ஊரையே "உள்ள போ, உள்ள போ" என்று விரட்டிய கண்டக்டர் ஆயிற்றே. ஒரு நாள் அந்த அம்மாவிடம், "சும்மாதான உக்காந்துக்கினு இருக்கீங்க, ஒரு பாக்கெட் பால் வாங்கியாங்களேன்" என்று சில்லறையைக் கையில் கொடுத்துவிட்டார். அவரும் போய் வாங்கி வந்து மீதியைச் சரியாகக் கொடுத்தார். வீட்டைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் அன்றைக்கே அப்பாவைத் தனியாக அழைத்து, இந்த வீடே அந்த அம்மாவின் ஜனங்கள் கொடுக்கிற காசில்தான் ஓடுகிறது என்று சொன்னார். அப்பாவின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். போய் மன்னிப்புக் கேட்டால், "சாரமில்ல மோனே, பரவாயில்ல, பால் நல்லதா இருந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

சாரா என்ற பெயரைக் கேட்டுவிட்டு வேதக்காரர் என்று நினைத்தேன். முதுநகரில் நம் தெருவுக்குப் பின்னால் இருந்த சர்ச்சைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, தாங்கள் யூதர்கள் என்றார். யூதர் என்றால் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் பிறந்தது கொச்சியில். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே குடும்பத்தோடு கப்பலேறி இஸ்ரேலுக்குப் போய்விட்டாராம். இந்த வீட்டுக்காகத்தான் திரும்ப வந்து தங்கியிருந்தார். தமிழைப் பாதி மலையாளமாகத்தான் பேசுவார். அங்கே அவர்கள் வீடுகளில் ஆளுக்கொரு தகர டப்பா இருக்குமாம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில், மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன்னால், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் அதில் ஒரு காசு போட வேண்டும். ஏற்றின பிறகு காசைத் தொடக் கூடாது, அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். டப்பாக்கள் நிறைந்ததும் ஒன்றாகச் சேர்த்து, புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கென்று இங்கே அனுப்புவார்கள். சாரா அம்மாவின் தம்பி மகன் ஒருவனை அவர்கள் அந்த நோய்க்குப் பறிகொடுத்தார்களாம். அதிலிருந்து இது நடக்கிறது.

அந்த வீட்டில் எங்கே தேடினாலும் கொடுத்தவர் பெயர் கிடையாது. நம் ஊரில் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு உபயம் எழுதி வைப்போம். இதை நானே அவரிடம் கேட்டேன். "வாங்கறவருக்குக் கொடுத்தவர் ஆருன்னு தெரிய வேண்டா. கொடுத்தவருக்கும் வாங்கினவர் ஆருன்னு தெரியாம இருந்தா இன்னும் நல்லது. தெரிஞ்சா ரெண்டு பேர்ல ஒருத்தர் தலை குனியும்" என்றார். அவர்கள் பாஷையில் இப்படிக் கொடுப்பதற்கு ஸெதாக்கா என்று பெயர். "தானம்னு அர்த்தம் இல்ல மோளே, நியாயம்னு அர்த்தம். செஞ்சா பெருமை இல்ல, செய்யலைன்னா தப்பு" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டார்.

நாம் அங்கே இருந்த முதல் வெள்ளிக்கிழமை அவர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் வந்தார். நீ அப்பாவிடம் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு ஓடினாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "நாமே அவுங்க குடுக்கறத வாங்கித் தின்னுக்கினு இருக்கோம், அதுலேயே போட்டா கேலியா இருக்காது?" என்றேன். அந்த அம்மா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அவன் கைய விடு. வாங்கினவனும் போடணும். அது எங்க சட்டம். போடலைன்னா அவன் எப்பவும் வாங்கறவனாவே நின்னுடுவான்" என்றார். நான் விட்டேன். காசைப் போட்டுவிட்டு, வீட்டையே விலைக்கு வாங்கிவிட்டவன் போல நீ சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாயே, அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அழுகை வரும். மருந்து ஏற ஆரம்பித்த நாளிலிருந்து பயந்து போய் இருந்த முகம் அது.

நம் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிற தகர டப்பா அப்படி வந்ததுதான். கிளம்பும்போது அவர் உன் கையில் கொடுத்தார். வெள்ளிக்கிழமை நாம் எப்படியும் விளக்கேற்றுகிறோம், அதற்கு முன்னால் ஒரு காசு போடுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை என்று நானும் பழகிக்கொண்டேன். நிறைந்ததும் அப்பா சென்னைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். சொந்தக்காரர்கள் எல்லாரும் திருப்பதிக்கு முடிந்து வைத்திருப்பதாக நினைக்கிறார்கள். நானும் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று விட்டுவிட்டேன். தேன்மொழிகூட ஒரு முறை கேட்டாள், வேண்டுதல் என்று சொன்னேன்.

இப்போது வாக்கு விஷயத்துக்கு வருகிறேன். வைத்தியம் முடிந்து, இனி வருஷத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்று டாக்டர் சொன்னதும் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நன்றி சொல்ல அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆளுயரத்துக்கு ஒரு ப்ளெக்ஸ் அடித்துவிட்டார். ஒரு பக்கம் சாரா அம்மா, பக்கத்தில் மொட்டைத் தலையோடு நீ, மேலே "பிள்ளை வரம் தந்த தாயே" என்று சிவப்பு எழுத்து, கீழே ஓரத்தில் அப்பாவின் பாஸ்போர்ட் படம். அதைச் சுருட்டிக்கொண்டு, கூடவே ஒரு சால்வையும் வாங்கிக்கொண்டு, கடலூரிலிருந்து பஸ்ஸில் சென்னைக்குப் போனோம். வீட்டு கேட்டில் கட்டுவதற்கு அப்பா கயிறுகூட எடுத்து வந்திருந்தார். விரித்துக் காட்டினதும் சாரா அம்மா கிட்டே வந்து பார்த்தார். பிறகு தன் படத்தை விட்டுவிட்டு உன் படத்தின் மேல் கையை வைத்து மறைத்தார். "இவனுக்கு ஒரு நாள் வேலை வேணும், கல்யாணம் வேணும். இவன் சீக்குக்காரனா இருந்தான்னு சொல்றதா வேண்டாமான்னு இவன்தான் முடிவு பண்ணணும். நான் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது. எனக்கு வாக்குத் தா மோளே" என்றார். தந்தேன். அந்த ப்ளெக்ஸை எறிய மனசில்லாமல் அப்பா திருப்பிக் கொண்டுவந்தார். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க்கை மூடியிருக்கிற வெள்ளைத் துணி அதுதான். உன் முகம் உள்பக்கம் இருக்கிறது.

ஆக நான் சொல்ல முடியாது, நீதான் சொல்ல முடியும். நீ ஏன் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முதுநகர்ப் பள்ளிக்கூடத்தில் உன்னைத் தனி பெஞ்சில் உட்கார வைத்ததும், உன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகள் ஓடினதும் மறக்கிற விஷயமா? அதற்காகத்தான் வீட்டை மாற்றிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூருக்கு வந்தோம். இங்கே வந்ததும் கேட்டவர்களிடமெல்லாம் மஞ்சள் காமாலை என்று நான்தான் சொன்னேன். அப்படிச் சொன்னதால்தான் நீ மற்ற பிள்ளைகளைப் போல ஓடியாடி வளர்ந்தாய், அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் போன வாரம் குமரன் கேட்டபோது எனக்கு ஒன்று உறைத்தது. இறந்துபோன பிள்ளைகளை ஊரே பார்க்கிறது. பிழைத்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மஞ்சள் காமாலை. நம்மோடு அந்த வீட்டில் இருந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிழைத்துப் படித்து வேலைக்குப் போனார்கள். அவர்களைப் பெற்றவர்களும் என்னைப் போலத்தான் எங்கேயோ காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாவம் குமரன், அவன் எங்கே போய்ப் பார்ப்பான்?

"என் கல்யாணத்தையும் அந்தக் கொழந்தையையும் ஒரே தராசுல வெக்காதம்மா" என்று நேற்று கத்தினாய். நான் வைக்கவில்லை, அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. கல்யாணம் முடிந்த பிறகு சொல்கிறேன் என்கிறாய். தாலி கட்டின பிறகு சொன்னால் அதற்குப் பெயர் சொல்வது இல்லையடா, மாட்டிக்கொள்வது. உனக்கு இப்போது ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்கிறார், குழந்தைக்கும் தடை இருக்காது என்று சொல்லியிருக்கிறார். அதைத் தேன்மொழி தன் காதாலேயே கேட்டுக்கொள்ளட்டுமே. கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் எனக்கு வயிறு எரியும், ஒரு வாரம் சாப்பிட மாட்டேன், அவளை மனசுக்குள் திட்டவும் செய்வேன். ஆனாலும் அது அவள் இஷ்டம். அந்தப் பெண் யாழினிக்குத் திங்கட்கிழமை மருந்து ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த டப்பாவில் நீ ரூபாய் ரூபாயாக நிறையப் போட்டிருக்கிறாய், வேலை கிடைத்த பிறகு நோட்டாகவும் போட்டிருக்கிறாய். இப்போது குமரன் கேட்பது பணம் இல்லை. அவன் கேட்பதை இஸ்ரேலில் இருந்து யாரும் அனுப்ப முடியாது. உன் ஒருவனிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நானும் சிதம்பரம் போகிறோம். நான் சொல்ல மாட்டேன், பயப்படாதே. சும்மா போய் யாழினியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா

*

தம்பி, மேலே உள்ளதை அனுப்பினதும் நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. சனிக்கிழமை முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் மிச்சத்தையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் நீ தலையைக் குனிந்துகொண்டிருந்ததால் பார்க்காதது ஒன்று இருக்கிறது.

நீ வருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு உன் மாமனார் அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வைத்தியரிடம் போக மறுநாளைக்குக் கார் சொல்லியாகிவிட்டது என்று குமரன் சொன்னான். அப்போதுதான் பெங்களூர் பஸ்ஸில் கசங்கின சட்டையோடு நீ வாசலில் நின்றாய். மாப்பிள்ளை திடீரென்று வந்து நின்றால் என்ன செய்வார்கள், வீடே எழுந்து நின்றது. நீ உட்காரவில்லை, தண்ணீர்கூட வாங்கவில்லை. "மச்சான், பொழச்ச புள்ள ஒண்ணக் காட்டச் சொன்னீங்களாம்" என்றாய். சட்டைப் பித்தானை அவிழ்த்துக் கழுத்தெலும்புக்குக் கீழே இருக்கிற தழும்பைக் காட்டினாய். "ஏழு வயசுல எனக்கும் இதே சீக்கு. மருந்து ஏத்தறதுக்கு இங்கதான் குழாய் வெச்சிருந்தாங்க." நீ யாழினி தங்கின அதே வீட்டைச் சொன்னாய், சாரா அம்மாவைச் சொன்னாய், வெள்ளிக்கிழமை டப்பாவைச் சொன்னாய். உன் மாமனார் கையில் இருந்த சட்டுவக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தேன்மொழி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

யாழினிதான் முதலில் பேசினாள். "மாமா, அப்புறம் முடி மொளச்சுதா?" என்றாள். "இது என்னுதுதான், இழுத்துப் பாரு" என்று அவள் முன்னால் மண்டியிட்டுக் குனிந்தாய். அவள் ஊசி குத்தின கையால் உன் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். சும்மா பேருக்கு இல்லை, பிடுங்கிவிடுவது போல இழுத்தாள். நீ ஆ என்று கத்தினதும் சிரித்தாள். அவள் கையை எடுத்த பிறகும் உன் தலையில் ஒரு கை இருந்ததே, அதை யாழினியின் கை என்றுதான் நீ நினைத்திருப்பாய். அது குமரனின் கை. அவன் எப்போது வந்து உன் அருகில் உட்கார்ந்தான் என்று நானே பார்க்கவில்லை. அந்தப் பெரிய கையால் உன் முடியைக் கோதிக் கோதிப் பார்த்தான், வேரோடுதான் இருக்கிறதா என்று பார்ப்பவன் போல. நீ நிமிர்வதற்குள் கையை எடுத்துக்கொண்டு, போனை எடுத்து வெளியே போய் "கார் வேணாம்பா" என்று சொன்னான். அவன் அழுததை நீ பார்க்கக் கூடாது என்றுதான் வெளியே போனான். இதை அவன் உன்னிடம் ஒருநாளும் சொல்ல மாட்டான்.

மற்றது உனக்குத் தெரியும். "சம்மந்தி, நான் கைகூப்பி நின்ன அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்" என்று பெரியவர் என்னைக் கேட்டார். "கல்யாணத்தப் பத்தி இனிமே தேனுதான் சொல்லணும், நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார். தேன்மொழி உள்ளே போனாள். உன்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லக்கூட அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நீ அப்படியே பஸ் ஏறிவிட்டாய். மறுநாள் யாழினியைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். கூடத் தேன்மொழியும் தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று குமரன் போன் செய்தான். மருந்து ஏறுகிறதாம். அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன், கூடவே இந்த ப்ளவுஸைப் பார்த்துப் பார்த்து அழுதேன். நான் எழுதினதால்தானே என் பிள்ளை போய் நின்றான் என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். அவர் மாடிக்குப் போய் டேங்க்கைத் துடைக்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டார். நீயும் இந்த வாரம் முழுக்க "அவ ஏதாவது பேசினாளாம்மா" என்று ஒரு வரி கேட்பதும், நான் இல்லை என்பதுமாகப் போனது.

நிச்சயம் ஆனதிலிருந்து தேன்மொழி என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அதற்கு முன்னால் ஆன்ட்டி. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் தீப்பெட்டியைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. அவள் பெயர் தெரிந்தது. காதில் வைத்துவிட்டு அந்த முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"அத்தை" என்றாள். "வெளக்கு இன்னும் ஏத்தலையே?"

இல்லை என்றேன்.

"அப்ப ஏத்தறதுக்கு முன்னாடி அந்த டப்பால எனக்கும் சேத்து ஒரு காசு போட்டுடுங்க. பேரெல்லாம் சொல்ல வேணாம்" என்றாள்.

போட்டுவிட்டுத்தான் விளக்கேற்றினேன். அதன் பிறகும் அவள் ரொம்ப நேரம் பேசினாள். டாக்டரைப் பார்த்தாளாம், கேட்க வேண்டியதைக் கேட்டாளாம். உன்மேல் அவளுக்கு என்ன கோபம், எது மிச்சம், என்ன முடிவு என்று எல்லாம் சொன்னாள். அதை நான் உனக்குச் சொல்ல மாட்டேன். அவள் சொல்ல வேண்டியதை அவள்தான் சொல்ல வேண்டும். இதைப் படித்ததும் போனை எடுத்து அவளுக்கு அடி. நான் மெஷினில் உட்காருகிறேன், ப்ளவுஸை மூட்ட ஆரம்பித்துவிட்டேன், இன்னும் கை வைக்க வேண்டும்.

அம்மா